உட்கார்ந்த இடத்தில் 118, நடந்தால் 112. இதயத்துக்கு இரண்டும் ஒன்றுதானா?

பனியன்_ஊர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். வயது 44, ஊர் திருப்பூர், ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை. இந்த வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: சாயப்பட்டறையில் கலர் மாறினாலும் திட்டு எனக்கு, தையலில் அளவு தப்பினாலும் திட்டு எனக்கு, லாரி தூத்துக்குடிக்கு லேட்டாகப் போனாலும் திட்டு எனக்கு.

என் பிறந்தநாளுக்கு மகள் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்து, அவளே அதில் "உட்கார்ந்திருக்கும்போது துடிப்பு 110-ஐத் தாண்டினால் அதிரணும்" என்று செட் பண்ணியும் வைத்துவிட்டாள். போன செவ்வாய்க்கிழமை ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் ஒரு லாட் ஃபெயில். பையர் லைனில் இருக்கிறார், நான் நாற்காலியில் இருக்கிறேன், நாற்காலி கூட நகரவில்லை, மணிக்கட்டு மட்டும் அதிர்கிறது. பார்த்தால் 118. மறுநாள் காலை வழக்கம்போல நாற்பது நிமிட நடை, சட்டை நனைந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் அதிகபட்சமே 112 தான்.

இதை டீக்கடையில் சொன்னேன். கூட வேலை பார்க்கிற பையன் சிரிக்காமல் கேட்கிறான், "அப்படின்னா நீங்க தினமும் ஆபீஸ்லயே மூணு மணி நேரம் வாக்கிங் போறீங்கன்னு அர்த்தம், காலைல எதுக்குண்ணா எந்திரிக்கிறீங்க?" கேலிதான், ஆனால் எனக்குப் பதில் தெரியவில்லை. இதயத்துக்கு என்ன தெரியும், நாம் நடக்கிறோமா திட்டு வாங்குகிறோமா என்று? எண்ணிக்கை ஒன்றுதானே?

இன்னொன்றையும் கவனித்தேன். நடந்து முடித்தால் மூன்று நாலு நிமிடத்தில் 85-க்கு வந்துவிடுகிறது. அந்த போன் கால் முடிந்து அரை மணி நேரம் ஆகியும் 100-க்குக் கீழே இறங்கவே இல்லை. நெஞ்சு வலி, மூச்சு வாங்குவது எதுவும் இல்லை, மூன்று மாடி ஏறுகிறேன். ஆனால் அப்பாவுக்கு 58-இல் அட்டாக் வந்தது. பிபி பார்த்து இரண்டு வருஷம் இருக்கும். டீ ஒரு நாளைக்கு அஞ்சு, ஷிப்மென்ட் வாரத்தில் ஏழு.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_வந்தேன்:

வாட்சைக் கழற்றி டிராயரில் போடுங்கள், 118 போய்விடும். எங்க தாத்தாவுக்கு வாட்சே கிடையாது, 91 வரை இருந்தார்.

ஈசிஜி_அக்கா:

தம்பி, தாத்தா கதையை விடுங்கள், கேள்வி நல்ல கேள்வி. நான் டாக்டர் இல்லை, பதினாறு வருஷமாக ஈசிஜி, டிரெட்மில் டெஸ்ட் (ஓடுகிற பெல்ட்மேல் நடக்க வைத்து எடுக்கிற ஈசிஜி), ஹோல்டர் (நாள் முழுக்க உடம்பில் மாட்டி இதயத் துடிப்பைப் பதிகிற சின்னக் கருவி) எடுக்கிற டெக்னீஷியன். தினமும் பார்க்கிறதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் 112. 220-இல் இருந்து வயதைக் கழித்தால் உங்களுக்கு 176, அதுதான் தோராயமாக உச்சம். அதில் பாதியிலிருந்து எழுபது சதவீதம் வரை, அதாவது 88 முதல் 123 வரை மிதமான உடற்பயிற்சிக் கணக்கு. ஆகவே உங்கள் காலை நடை சரியான நடைதான், அதில் குறை இல்லை.

இப்போது 118. இதயம் தானாகத் துடிக்கிற சதைதான், ஆனால் கடிவாளம் இரண்டு நரம்புகளின் கையில். ஒன்று வேகஸ், பிடித்து இழுத்து மெதுவாக்குவது. இன்னொன்று பதற்றம் வந்தால் முடுக்கிவிடுவது, கூடவே அட்ரினலினும் இரத்தத்தில் இறங்கும். நரம்பே இல்லாமல் விட்டால் இதயம் சும்மாவே நிமிடத்துக்கு நூறு பக்கம் துடிக்கும் (மாற்று இதயம் வைத்தவர்களுக்கு ஓய்விலேயே 90, 100 என்று இருப்பது இதனால்தான், அந்த நரம்பு அறுபட்டிருக்கும்). நமக்கு 70 என்று இருப்பது வேகஸ் பிடித்து வைத்திருப்பதால். நடந்தாலும் பிடி தளர்கிறது, திட்டு வாங்கினாலும் தளர்கிறது. டீக்கடையில் அந்தப் பையன் சொன்னது இந்த இடம் வரை சரி.

வித்தியாசம் குழாயில் இருக்கிறது. நடக்கும்போது தொடை, கெண்டைக்கால் சதை எல்லாம் இரத்தம் கேட்கும், அங்கே உள்ள சின்னக் குழாய்கள் அகலமாகத் திறந்துகொள்ளும். கெண்டைக்கால் ஒவ்வொரு அடிக்கும் பிழிந்து பிழிந்து இரத்தத்தை மேலே அனுப்பும். இதயம் அதிகமாகத் தள்ளுகிறது, தள்ளுவதற்குத் திறந்த வழியும் இருக்கிறது. டிரெட்மில்லில் நான் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை பிபி பார்க்கிறேன்: மேல் எண் 130-இல் தொடங்கி 180 வரை போகும், கீழ் எண் 80-இல் இருந்தால் 80-இலேயே நிற்கும், சிலருக்கு இறங்கவும் செய்யும். திட்டு வாங்கும்போது கதை வேறு. கால் சதை எதையும் கேட்கவில்லை. தோலுக்கும் குடலுக்கும் போகிற குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன, உள்ளங்கை சில்லென்று ஆவது அதனால்தான். மேல் எண்ணும் ஏறும், கீழ் எண்ணும் ஏறும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஓஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்துக்கொண்டு மோட்டாரைப் போட்டால் எப்படியோ அப்படி. மோட்டார் சுற்றுகிற வேகம் ஒன்றுதான், மோட்டாருக்குப் படுகிற பாடு ஒன்றில்லை.

இன்னொரு விஷயம், இதைப் பலர் யோசிப்பதில்லை. இதயம் தனக்கான இரத்தத்தைப் பெரும்பாலும் இரண்டு துடிப்புக்கு நடுவில் ஓய்வெடுக்கிற நேரத்தில்தான் வாங்கிக்கொள்கிறது. துடிப்பு கூடினால் சுருங்குகிற நேரம் அவ்வளவாகக் குறையாது, இந்த ஓய்வு நேரம்தான் குறையும். குழாய் நன்றாக இருந்தால் தானே விரிந்து சமாளித்துவிடும். உள்ளே கொழுப்பு படிந்திருந்தால் மனப் பதற்றத்தில் விரிய வேண்டிய குழாய் சுருங்கவும் செய்யும். அதனால் இதயநோய் ஏற்கெனவே உள்ள சிலருக்கு டிரெட்மில்லில் 140 போனால் வருகிற இரத்தக் குறைவு, கோபத்தில் 100-இலேயே, அதுவும் வலியே இல்லாமல் வந்துவிடும்.

உங்கள் அரை மணி நேரத்துக்கும் இதுதான் பதில். நடை நின்றால் காரணமும் நின்றுவிடுகிறது, வேகஸ் உடனே கடிவாளத்தைப் பிடிக்கிறது. டிரெட்மில் நிறுத்திய முதல் நிமிடத்தில் துடிப்பு எத்தனை இறங்குகிறது என்று நாங்கள் கட்டாயம் குறிப்போம், 12-க்குமேல் இறங்கினால் நல்லது. போன் காலை நீங்கள் வைத்தீர்கள், மனசு வைக்கவில்லை. "அடுத்த லாட் என்ன ஆகும்" என்று அது ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஹோல்டர் மாட்டி அனுப்பும்போது ஒரு தாளைக் கொடுத்து, எத்தனை மணிக்கு என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொல்வோம். ஒருவர் "11.20, மானேஜர் ரூம்" என்று மட்டும் எழுதியிருந்தார். பதிவைத் திறந்தால் 11.05-க்கே ஏற ஆரம்பித்திருக்கிறது. கூப்பிட்டு அனுப்பியபோதே! ரூமுக்குள் போனதும் இன்னும் பத்து கூடியது, அவ்வளவுதான். ஒரு அம்மா "இரவு 8.30 நாடகம்" என்று எழுதியிருந்தார், அங்கேயும் மலை மாதிரி ஒரு மேடு.

நெஞ்சில் இறுக்கம், தாடை, இடது கை, முதுகுக்கு நடுவில் வலி, குளிர்ந்த வியர்வை, இதில் எது வந்தாலும் இங்கே எழுதிக்கொண்டு இருக்காதீர்கள், 108. மற்றபடி 44 வயதில் அப்பா விவரமும் இருக்கும்போது பிபி பார்த்து இரண்டு வருஷம் என்பதற்குத்தான் நான் உங்களைத் திட்டுவேன். 118-க்கு இல்லை.

ரைட்_போலாம்:

அக்கா சொன்ன மோட்டார் உதாரணம் மனசில் நின்றுவிட்டது. நான் முப்பத்தோரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டர், ரிட்டயர்டு. எங்கள் தொழிலை வைத்தே இங்கிலாந்தில் ஒரு ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள், தெரியுமா? ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர், லண்டனில் மாடி பஸ் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஆயிரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்து 1953-இல் வெளியிட்டார். ஒரே டிப்போ, ஒரே மாதிரிக் குடும்பம், ஒரே ஊர்ச் சாப்பாடு, ஆனால் இதயநோய் டிரைவர்களுக்கு அதிகம், கண்டக்டர்களுக்குக் குறைவு, வந்தாலும் வயது கழித்து, அவ்வளவு கடுமையில்லாமல். கண்டக்டர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குகிறான், டிரைவர் உட்கார்ந்தே இருக்கிறான் என்று சொன்னார். நடைக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் என்று இன்றைக்கு எல்லாரும் பேசுகிறார்களே, அதற்கு ஆரம்பம் டிக்கெட் கிழித்தவன்தான்!

நம் ஊர்க் கண்டக்டருக்கு மாடிப்படி இல்லை, ஆனால் காலை எட்டரை டவுன் பஸ்ஸில் முன்வாசலில் இருந்து பின்வாசலுக்கு ஒரு தடவை போய் வந்து பாருங்கள். ஒரு கை கம்பியில், விரலுக்கிடையில் நோட்டு, கக்கத்தில் பை, காலுக்கடியில் யாரோ வைத்த கீரைக்கட்டு. டென்ஷன் எங்களுக்கும் உண்டு, சில்லறைச் சண்டை இல்லாத நாளே கிடையாது. ஆனால் சண்டை போட்டுவிட்டு அப்படியே நகர்ந்து போய்விடுவோம், பத்தாவது சீட்டில் டிக்கெட் கொடுக்கும்போது கோபம் பாதி இறங்கியிருக்கும். என் டிரைவர் அப்படி இல்லை. குறுக்கே வந்த பைக்காரனைத் திட்டவும் முடியாது, இறங்கவும் முடியாது, பிரேக்கை மிதித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். அம்பத்திரண்டு வயதில் ஸ்டென்ட் வைத்தார். ஒரு ஆளை வைத்து முடிவு சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

பெரியவர் சொன்ன ஆராய்ச்சிக்கு ஒரு பின்கதை உண்டு. அதே மோரிஸ் 1956-இல் சீருடைக் கணக்கை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களுக்குத் தைத்த கால்சட்டை இடுப்பளவு கண்டக்டர்களுடையதைவிடப் பெரிது. சின்ன வயது ஆட்களிடமே அந்த வித்தியாசம் இருந்தது. அப்படியென்றால் உட்கார்ந்து உட்கார்ந்து குண்டானார்களா, அல்லது கொஞ்சம் குண்டான ஆட்களாகப் பார்த்து டிரைவர் வேலைக்குப் போனார்களா என்ற கேள்வி வருகிறது இல்லையா? தன் முடிவைத் தானே இடித்துப் பார்த்த மனிதர், அதனால்தான் அவர்மேல் எனக்கு மரியாதை. அதற்குப் பிறகு வேறு வேறு தொழில்களிலும் இதே முடிவு திரும்பத் திரும்ப வந்தது, அது தனி.

மன அழுத்தத்துக்கும் எண்ணிக்கை இருக்கிறது. 2006 உலகக் கோப்பை கால்பந்து ஜெர்மனியில் நடந்தபோது மியூனிக் பகுதியில் இதயக் கோளாறு அவசரங்களை எண்ணினார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் மற்ற நாட்களைவிட இரண்டரை மடங்குக்கு மேல். சோபாவில் உட்கார்ந்திருந்தவர்கள்! ஆனால் ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களிடம்தான் அந்த ஏற்றம் ரொம்ப அதிகம், இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2004-இல் சலீம் யூசுஃப் என்ற இதய டாக்டரின் குழு 52 நாடுகளில் செய்த பெரிய ஆய்விலும் மாரடைப்புக்கான ஒன்பது காரணங்களில் மன அழுத்தம் ஒன்றாக வந்தது. கூடவே சிகரெட், கொழுப்பு, சர்க்கரை, பிபி எல்லாம் இருக்கின்றன. "டென்ஷன்தான் காரணம்" என்று சொல்லிவிட்டு சிகரெட்டைப் பற்ற வைக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

மல்லிகை_72:

ஆண்கள் எல்லாரும் ஆராய்ச்சி பேசுகிறீர்கள், நான் என் கதையைச் சொல்கிறேன். எனக்கும் இப்படித்தான், சமையலறையில் நின்றாலே படபட. மாமியார் படுக்கையில், பையன் பிளஸ் டூ, நான் ஸ்கூலில் டீச்சர். போய்ப் பார்த்த டாக்டர் நான் உட்காருவதற்கு முன்னாலேயே "டென்ஷனைக் குறைங்கம்மா" என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நானும் ஒரு வருஷம் தியானம், மூச்சுப் பயிற்சி எல்லாம் செய்தேன். கோயிலில் நாற்பது படி ஏறுவதற்குள் மூன்று தடவை உட்கார்ந்தேன். அப்புறம் தங்கை வற்புறுத்தி இரத்தம் கொடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.8. இருக்கிற இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்க ஆள் இல்லை, அதனால் இதயம் அதே வண்டியை இரண்டு டிரிப் அடித்திருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை, அதற்கு முன்னால் மாதவிடாய்ப் போக்குக்கு வைத்தியம், நாலைந்து மாதத்தில் படபடப்பு போன இடம் தெரியவில்லை. மாமியார் இன்னும் படுக்கையில்தான். பையனும் இன்னும் கத்துகிறான்.

ஆகவே தம்பி, டென்ஷன் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். தைராய்டு கூடினாலும் இதே மாதிரிதான் துடிக்குமாம். தங்கைமாருக்கும் சொல்கிறேன், "உனக்கு எல்லாம் மனசுதான்" என்று யாராவது சொன்னால் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு ஒத்துக்கொள்ளுங்கள்.

ஈசிஜி_அக்கா:

மல்லிகை மேடம் சொன்னதை எல்லாரும் இரண்டு தடவை படியுங்கள். நான் விட்டுவிட்டேன்.

அப்புறம் தம்பி, அஞ்சு டீயில் மூன்றாவது டீ எப்போது குடிக்கிறீர்கள் என்று பாருங்கள், பெரும்பாலும் பிரச்சினை வந்த உடனேதான் இருக்கும். கூட ஒரு வடை, சிலருக்கு ஒரு சிகரெட். பாதி துடிப்பு பையர் கொடுத்தது, மீதி டீக்கடை கொடுத்தது.

பனியன்_ஊர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

பிபி பார்த்தேன். ஆஸ்பத்திரியில் 152/96. டாக்டர் உடனே மாத்திரை எழுதவில்லை. ஆஸ்பத்திரி வாசனைக்கே சிலருக்கு ஏறும் என்று சொல்லி, கையில் கட்டுகிற மெஷின் ஒன்று வாங்கி, காலை மாலை இரண்டு தடவை, அஞ்சு நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, காலைக் கீழே ஊன்றி, கையை இதய உயரத்துக்கு மேஜைமேல் வைத்து எடுத்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை 128/82. திங்கட்கிழமை ஆபீஸில் (மெஷினைப் பையில் கொண்டு போனேன், எல்லாரும் சிரித்தார்கள், பிறகு எல்லாரும் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டார்கள், சூப்பர்வைசருக்கு 170!) 146/94. அக்கா சொன்னது போலக் கீழ் எண்ணும் கூடவே ஏறுகிறது. இரத்தப் பரிசோதனையில் தைராய்டு, ஹீமோகுளோபின் சரி, கெட்ட கொழுப்பு கொஞ்சம் அதிகம். ஈசிஜி நார்மல். அப்பா விவரத்தைக் கேட்டுவிட்டு டிரெட்மில் எழுதியிருக்கிறார், வருகிற சனிக்கிழமை.

கண்டக்டர் ஐயா சொன்னதை ஒரு நாள் செய்து பார்த்தேன். பையர் கால் வந்ததும் எழுந்துவிட்டேன். கட்டிங் செக்ஷனில் இருந்து பேக்கிங் வரை, திரும்ப பேக்கிங்கில் இருந்து கட்டிங் வரை, காதில் போனோடு நடந்தேன். திட்டு அதே திட்டுதான். துடிப்பு 121 வரை போனது, நடந்தேன் இல்லையா. ஆனால் பேசி முடித்து உட்கார்ந்த ஆறாவது நிமிடம் 90. ஒரு நாள் கணக்கு, கணக்குப்பிள்ளை அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார், தெரியும்.

ஒரு சந்தேகம். இருபது லிட்டர் தண்ணீர் கேனை இரண்டாவது மாடிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். அதுவும் உடற்பயிற்சிக் கணக்கில் வருமா?

சும்மா_வந்தேன்:

நானும் ரகசியமாகப் பார்த்துவிட்டு வந்தேன். 138/88. தாத்தாவைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

ஈசிஜி_அக்கா:

கேன் விஷயத்தில் ஜாக்கிரதை. இறுகப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் சதை இறுகி உள்ளே போகிற குழாயை அதுவே நசுக்கும், அந்த நேரத்துக்கு பிபி நடையைவிட எக்கச்சக்கமாக ஏறும். 146 காட்டுகிற ஆள் சனிக்கிழமை ரிப்போர்ட் வரும்வரை கேனைக் கடைக்காரப் பையனிடமே விடுங்கள், பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் மேலே வைத்துவிட்டுப் போவான். அதற்குப் பிறகு தூக்க வேண்டியிருந்தாலும் ஏறும்போது வாயால் மூச்சை விட்டுக்கொண்டே ஏறுங்கள்.

சனிக்கிழமைக்குச் சில விஷயங்கள். டெஸ்டுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பிருந்து ஒன்றும் சாப்பிட வேண்டாம், அன்றைக்கு டீயும் வேண்டாம். ஏதாவது மாத்திரை ஆரம்பித்திருந்தால் நிறுத்தணுமா என்று டாக்டரிடம் முந்தின நாளே கேட்டுவிடுங்கள், சில மாத்திரை துடிப்பை ஏறவே விடாது. செருப்பில் வராதீர்கள், ஷூ. நெஞ்சில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வராதீர்கள், எலெக்ட்ரோடு ஒட்டாது, ஓட ஓடக் கழன்று விழும், நான் பின்னாலேயே டேப்போடு ஓட வேண்டும். முடி இருந்தால் அங்கேயே ஷேவ் பண்ணுவார்கள், வெட்கப்பட வேண்டாம்.

பெல்ட் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏற்றமும் கூடும். கம்பியைத் தொங்கிக்கொண்டு பிடிக்காதீர்கள், விரல் பட்டால் போதும், தொங்கினால் கால் செய்கிற வேலை குறைந்து ரிப்போர்ட் தப்பாகும். முடியவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள். ஆண்கள் சொல்ல மாட்டார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவார்கள்.

போனை வெளியே வீட்டு ஆளிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். போன மாதம் ஒருவர் பெல்ட்மேல் ஏறி நிற்கிறார், இன்னும் மெஷினை ஓட்டவே இல்லை, துடிப்பு 124. பாக்கெட்டில் போன் அடித்துக்கொண்டிருக்கிறது.

பனியன்_ஊர்க்காரன்:

சனிக்கிழமை ஷிப்மென்ட் இருக்கிறது அக்கா. போனை மனைவியிடம் கொடுத்தால் அவருக்கு 124 வரும். பார்க்கிறேன்.